‘மீனம்பாக்கம்’ கப்பலும் பன்னிரண்டு ஜிலேபிகளும்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். முதல் பீரியடில் ஃபிசிக்ஸ் சார் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். கை கட்டி நின்றேன். எந்தக் குற்றத்துக்குன்னு எனக்கே குழப்பம், லிஸ்ட் பெருசு.

“சனிக்கிழமை தரமணி அறிவியல் கண்காட்சிக்கு உன் மீன் கப்பலைக் கொடுத்திருக்கேன். ஹெச்.எம். வேண்டாம்னாங்க. ஒரு மீன் செத்தாலும் சயின்ஸ் கிளப்ல நீ இல்ல. இதுலயும் விளையாடினா நான் காப்பாத்த முடியாது.”

விளையாட்டா? இந்த வருஷம் நான் சீரியஸா செய்யற ஒரே வேலை இது. யார் நம்பறா?

நடுவர் முன்னாடி உளறாமல் இருக்க ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். கடல்ல கூண்டு கட்டி மீன் வளர்க்கிறாங்க. நார்வே பக்கம் அதுக்குன்னே தனிக் கப்பல். வயித்துக்குள்ள குளம். கூண்டிலிருந்து குழாய் வழியா தண்ணியோடு மீனை உறிஞ்சி, உயிரோடு கொண்டுபோய் இறக்கும். போகும்போது அடி வால்வைத் திறந்தால் புதுக் கடல்தண்ணி முன்னால் நுழைந்து பின்னால் போகும். வழியில் நோய் வந்த பண்ணை இருந்தால் வால்வை மூடி, உள்தண்ணியையே வடிகட்டி, காற்று விட்டு ஓட்டணும்.

நம்ம கப்பல்: குழந்தை குளிப்பாட்டுற டப். சுற்றிலும் தெர்மாகோல். அடியில் முன்னும் பின்னும் ஓட்டை, ரப்பர் மூடி, அதுதான் வால்வு. மீன் நழுவாமல் இருக்க ஓட்டை மேல ரெண்டு டீ வடிகட்டி, உபயம் அப்பாவோட தி.நகர் பாத்திரக்கடை. கடல்: காற்றடிச்ச பிளாஸ்டிக் குளம்; உள்ளே வலைக் கூண்டு, வெளியே தாழ்வாக ஒரு கரைத்தொட்டி. பேர் ‘மீனம்பாக்கம்’. புறப்பாடு, வருகை ரெண்டும் உண்டு. விமானங்கள் கோவிச்சுக்கக் கூடாது.

ஆகஸ்ட் 6, புதன்

மீன் வந்தாச்சு. பன்னிரண்டு ஜிலேபிக் குஞ்சு, விரல் நீளம். தூக்கி வந்தது ரூபன். என் கிளாஸ், நொச்சிக்குப்பத்து மீனவர் வீடு, இந்தக் கப்பலின் இன்னொரு கேப்டன்.

“எங்க நைனா மீனைப் புடிச்சா ஐஸ்ல போடுவாரு. நீ இன்னான்னா அதுக்கு டூர் போட்டுகினு கீற.”

“டூருக்கு முன்னாடி ஒரு நாள் பட்டினி மச்சி. வயிறு காலியா இருந்தாத்தான் வழியில தண்ணி நாறாது.”

“பஸ்ல எங்க அக்காவுக்கும் இதே ரூல்தான்.”

மொட்டை மாடியில் சோதனை ஓட்டம், வால்வு மூடி. ஏற்றியது சூப்பர். இறக்கும்போது தண்ணியெல்லாம் குழாயில் போயிடுச்சு, ஒரு ஜிலேபி மட்டும் அடியில் துடிக்குது. கையால் எடுத்தோம். சனிக்கிழமை கை பட்டால் மார்க் போச்சு. என்ன செய்யறதுன்னு தெரியலை.

ஆகஸ்ட் 8, ஆடி வெள்ளி

காலையில் மீன் தொட்டியில் போர்டு ஒட்டினேன்: ‘இன்று நாங்கள் விரதம். உணவு போட்டால் சாபம். இப்படிக்கு, மீன்கள்.’

சாயங்காலம் வந்தால் தொட்டி முழுக்க பொரி! தண்ணி கஞ்சி மாதிரி. மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது.

“அம்மா! போர்டு பார்க்கலையா?”

“ஏட்டி, பார்த்தேன். நீ ஒட்டுன போர்டை எவ நம்புவா? போன வாரம் ஃப்ரிட்ஜுல ‘பால் இன்று லீவு’ன்னு ஒட்டல? கபாலி கோயில் குளத்துல எல்லாரும் பொரிதானே போடுதாங்க. ஆடி வெள்ளியும் அதுவுமா வாயில்லா ஜீவனைப் பட்டினி போடவா?”

என் போர்டே என்னைக் கவுத்துடுச்சு! சரித்திரம்.

ரூபனுக்கு போன். ஓடி வந்தான். நேத்து பிடிச்சு வெச்ச தண்ணியில் பாதியை மாத்தினோம். மீன் கீழே இறங்கிச்சு. ஆனா வயிறெல்லாம் பலூன். நாளைக்கு வால்வை மூடினால், தன் கழிவிலேயே மூச்சு முட்டிச் சாகும். எங்க ஷோவே வால்வை மூடி ஓட்டுறதுதான்.

“அப்ப தொறந்து ஓட்டு,” என்றான். ஒத்திகையே பார்க்காததை!

ஆகஸ்ட் 9, சனி

மயிலையிலிருந்து பறக்கும் ரயில். மடியில் மீன் வாளி. எதிர் சீட் மாமா: “இன்னா பாப்பா, மீனுக்கெல்லாம் டிக்கெட் எடுத்தியா?” “சீசன் டிக்கெட் மாமா. இது ஜிலேபி சீசன்.”

கண்காட்சி ஹாலில் பக்கத்து மேஜை ‘ஏ’ செக்‌ஷன் விக்னேஷ், தானா மூடி திறக்கிற குப்பைத் தொட்டியோடு. “உன் மீன் செத்தா இதுல போட்டுக்கோ,” என்றான். அவன் தொட்டி அப்போதே திறந்து மூடிச்சு. சிரிக்கக்கூட வரலை எனக்கு.

நடுவர் மேடம் வந்தாங்க. பின்னாடி சார், சாமி கும்பிடுற முகம்.

கூண்டிலிருந்து குழாய் வழியா ஜிலேபிகள் சறுக்கிச் சறுக்கி ஏறிச்சு. மூடியைத் திறந்தோம். மீனம்பாக்கம் நகர்ந்தது. முழுகலை!

“தண்ணி லேசா கலங்கியிருக்கே?”

புளுக ஏழெட்டு ஐடியா ரெடி. ஆனா உண்மை வந்திடுச்சு. “எங்கம்மா பொரி போட்டுட்டாங்க மேடம். சாப்பிட்ட மீனை மூடி ஏத்தினா மூச்சு முட்டும். அதான் திறந்து ஓட்டறேன். பக்கத்துல நோய் இருந்தா இன்னிக்குக் கப்பலையே எடுத்திருக்க மாட்டேன்.”

மேடம் நிமிர்ந்து பார்த்தாங்க. “எடுத்திருக்க மாட்டே. அதுதான் பதில்.”

இறக்கும் நேரம். பதினொண்ணு கரைத்தொட்டியில். பன்னிரண்டாவது குழாய் வாயில், தண்ணியை எதிர்த்து நீந்திக்கிட்டு நிக்குது. கை வைக்கக் கூடாது. அப்போதான் உறைச்சது: வால்வு திறந்திருக்கு, தண்ணி உள்ளே வந்துகிட்டே இருக்கு, இன்னிக்கு வத்தவே வத்தாது! கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். அது களைச்சுப் போய், வால் முன்னால, ரிவர்ஸ் கியரில் சர்ருன்னு இறங்கிச்சு.

“கீது! பன்னெண்டும் கீது!” ரூபன் கத்தலில் ஹாலே திரும்பிச்சு.

முதல் பரிசு!! சார் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார், ரூபன் கையைக் குலுக்கினார், விக்னேஷ் கையையும் குலுக்கிட்டார். மாநிலப் போட்டிக்கும் நாங்கதான்.

இப்போ வீடு. பழைய தொட்டி பத்தாது, சாம்பியன்களை பாத்ரூம் பெரிய டப்பில் விட்டாச்சு. கதவில் போர்டு: ‘வெற்றியாளர்கள் ஓய்வில்.’ கடையிலிருந்து வந்த அப்பா தோளில் துண்டோடு வெளியே.

“ஏளா, இது நெசமா, விளையாட்டா?”

“நிஜம்ப்பா.”

உள்ளே எட்டிப் பார்த்தார். எண்ணினார். துண்டை மடிச்சுத் தோளில் போட்டுக்கிட்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போயிட்டார், குளிக்க.