வெள்ள எச்சரிக்கை படிக்கும் உங்கள் குரல்

அக்கா,

போன வாரம் பாகலூர் டீக்கடையில் உங்கள் குரல் கேட்டது. டிவியில் படம் ஏதுமில்லை, நம் கேபிள் டிவி கம்பெனியின் சின்னம் மட்டும். அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்படுகிறது, தரைப்பாலத்தைக் கடக்காதீர்கள் என்று தமிழில் சொல்லி, தெலுங்கில் சொல்லி, கன்னடத்தில் முடித்தீர்கள். நீங்கள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "செத்தும் அந்தம்மா தண்ணி வுடறத நிறுத்தல பாரு," என்றார் ஒருவர். கடையே சிரித்தது. தொழிற்சாலைச் சீருடையில் இருந்த ஒருவரும் சிரித்துக்கொண்டே பைக்கைக் கிளப்பினார்.

அன்று தண்ணீர் நிஜமாகவே வந்திருந்தது. தரைப்பாலத்தில் அவர் பைக்கை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. முள்மரத்தைப் பிடித்துத் தொங்கியவரைக் கயிறு போட்டு இழுத்தார்கள். கட்டுப்போட்ட கையோடு ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டார்: "தினம் தினம் இதையே போடறாங்க சார். எதன்னு நம்பறது?"

நம் கம்பெனியின் மூன்று நிலையங்களும், ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை, இப்போது ஒரே கணினியில் ஓடுகின்றன. வாசிக்க ஆளில்லை. வானம் கறுத்தால் உங்கள் பழைய பதிவைத் தட்டிவிடுகிறார்கள். விளம்பரம் கிடைக்காத இடைவெளியிலும் அதுதான்.

நீங்களா அப்படிப் படித்தீர்கள்? மதியம் பதிந்ததையே மாலையிலும் போடலாமே என்று, உங்கள் குரலைப் பதிவு செய்துகொண்டிருந்த நான் ஒருநாள் சொன்னதற்கு, "மதியம் பார்த்த தண்ணி மதியத்தோட போச்சுப்பா," என்றீர்கள். கரையோர ரோஜாத் தோட்டக்காரரைப் போனில் பிடித்து, "நீரு எல்லிகெ பந்திதெ?" என்று கன்னடத்தில் கேட்டு, தண்ணீர் எந்தப் பாறைவரை ஏறியிருக்கிறது என்று தெரிந்த பிறகே மைக் முன் உட்கார்ந்தீர்கள். நீங்கள் சொன்னால் பால்காரர்கூட வண்டியைத் திருப்புவார். அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் தின்று தீர்த்துவிட்டார்கள்.

அந்தப் பதிவை நிறுத்தச் சொல்லி முதலாளியிடம் போனேன்.

"ஜனங்களுக்குப் பழகின வாய்ஸ் சார். அந்தம்மா மேல எங்களுக்கு அவ்ளோ மரியாதை."

"செத்தவங்கள வேலை வாங்கறதுக்குப் பேரு மரியாதையாய்யா? ஒருத்தன் சாக இருந்தான்!"

அவர் கணினியை என் பக்கம் திருப்பினார். "அப்ப நீங்களே அழிச்சுடுங்க. ஆனா ஒண்ணு, அவங்க குரல்னு நம்மகிட்ட இருக்கறது இது மட்டுந்தான். பழைய டேப்பெல்லாம் எடைக்குப் போட்டாச்சு."

இருபது வருடம் நீங்கள் படித்ததையெல்லாம் எடைக்குப் போட்டதை, பழைய நாற்காலியை விற்றதுபோலச் சொன்னார். கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். கேட்டால் அழிக்க மனம் வராது. கேட்காமலே அழித்தேன்.

நேற்று மறுபடி தண்ணீர் திறந்தார்கள். கரையில் விசாரித்துவிட்டு மூன்று மொழியிலும் நானே படித்தேன். முடித்ததும் தோட்டக்காரர் போன் செய்தார். "ஏன் சார், கடைசியா படிச்சீங்களே, அது கன்னடமா?" என்றார். பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டிகள் நின்றுவிட்டன என்றும் சொன்னார்.

என் கன்னடத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், அக்கா. அழித்ததற்குத் திட்டாதீர்கள்.