கமலா கேட்ட வரம்

ஆடிப்பெருக்கு, இரவு.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்வதை இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. கமலா தூங்குகிறாள், மெதுவாகப் பேசுகிறேன்.

அவளுக்கு இனி மருந்தால் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேத்தி விட்டுப்போன சிறுவர் நாவலைக் கமலா தினமும் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். அதில் ஒரு சிறுமிக்குச் சாகாவரம். இன்று வாசித்த இடத்தில் அவளுடைய தம்பி கிழவனாகிச் செத்துப்போனான். அவள் அதே பாவாடையோடு நிற்கிறாள்.

"பாவங்க. எல்லாரையும் அனுப்பிட்டு நிக்கிறதெல்லாம் ஒரு வரமா?" என்றாள் கமலா.

எனக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் தாலிக்கயிறு மாற்றும்போது, எனக்கு முன்னால் சுமங்கலியாகப் போய்விட வேண்டும் என்றுதான் வேண்டுவாள். இன்று அவளால் நடக்க முடியவில்லை. நான் சொம்பில் கொண்டுவந்த காவிரித் தண்ணீரை வைத்துக் கட்டிலிலேயே கயிறு மாற்றினாள். அதையேதான் வேண்டினாள்.

"அந்த வரத்தைத்தானேடி எனக்கு வாங்கித் தர்றே?" என்றேன்.

"ஒரு ரசம் வைக்கக் கத்துக்கிட்டிருந்தா இவ்வளவு பயம் வருமா உங்களுக்கு?" என்று சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காவிரியிடம் நான் எதையும் கேட்டதில்லை. கமலா கேட்டதைக் கொடுக்காதே என்று இன்று கேட்கலாம். கேட்டால், தனியாக நிற்பது அவளாகிவிடும். கேட்க வாய் வரவில்லை.