கடைக்குள் ஸ்ப்ரே கூடாது

அக்டோபர் 9, வியாழன்

மீன்தொட்டி வந்துவிட்டது. பார்லரில் ஜன்னலோரம் பழைய பத்திரிகைகள் குவிந்து கிடந்த மேசையைத் தூக்கிப் பின்னறையில் போட்டுவிட்டு அங்கேயே வைத்தாயிற்று. தூக்கிக்கொடுக்க வந்த தம்பி வெண்டல் வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போனான்: "அக்கா, ஒரு கள்ளிச்செடியையே தண்ணி ஊத்தாம கொன்னவ நீ. உனக்குக் கடல் மீன் கேக்குதா?"

கேட்கிறது. எத்தனை வருஷமாகக் கண்ணாடியில் அடுத்தவர் தலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்! கண்ணைத் திருப்பினால் ஜன்னலுக்கு வெளியே அறுத்த வயலும் தானியக் கிடங்கும்தான். கனடாவின் நட்டநடுவில் இருக்கும் இந்த சஸ்காட்செவானிலிருந்து கடலுக்குப் போக நாள்கணக்கில் கார் ஓட்ட வேண்டும். கடல் இங்கே வரட்டுமே.

அக்டோபர் 11, சனி

உப்பு கரைத்து, மணலும் கல்லும் போட்டு, தண்ணீர் நிரப்பினேன். மீனை இப்போது தரமாட்டாராம், சஸ்கட்டூன் மீன்கடை காஸ்பர். "கல்லுல நல்ல கிருமி வளரணும்மா. மீனோட கழிவை அதுதான் தின்னு தீர்க்கும். அதுக்கு முன்னாடி மீனை விட்டா, விஷத்துல விடற மாதிரி."

சரி, காத்திருக்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது என்று யார் சொன்னது? (எல்லோரும்.)

அக்டோபர் 17, வெள்ளி

வெள்ளிக்கிழமைக் கூட்டம் இன்று என்னைப் பிய்த்து எடுத்துவிட்டது.

"ஏண்டி ரொவீனா, இது என்ன, தண்ணிக் கண்காட்சியா?" என்றார் ஒலேனாம்மா.

"எனக்கு ஒரு மீன் தெரியுது," என்றாள் அவர் தோழி மேவிஸ். "பாவம், கூச்சப்படுது."

ஒலேனாம்மாவிடம் நான் வாயைத் திறக்க முடியாது. எழுபதைத் தாண்டியவர். வாராவாரம் முடியைச் சுருட்டி, உலர்த்தி, புயலடித்தாலும் அசையாத அளவுக்கு ஸ்ப்ரே அடித்து அனுப்ப வேண்டும். தேவாலயத் தோழிகள் அத்தனை பேரும் அவர் பின்னால்தான் வருகிறார்கள். அவர் போனால் அவர்களும் போவார்கள், அப்புறம் நான் கடையை மூடிவிட்டு வயலைத்தான் வேடிக்கை பார்க்கணும்.

நவம்பர் 19, புதன்

அமோனியா பூஜ்யம்! நைட்ரைட் பூஜ்யம்! தண்ணீரில் விஷம் இல்லை, இனி மீன் விடலாம். சோதனைக் குழாயை முத்தமிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வந்துவிட்டார்கள். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடி கோமாளி மீன்கள். சஸ்கட்டூனிலிருந்து வரும் வழியெல்லாம் பையை என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, காரில் ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டேன். ஓட்டிய வெண்டல் பனியனோடு வேர்த்து வழிந்தான். பிறகு தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டு, பழக்கி, மெதுவாக இறக்கினேன்.

பெரியவள் கர்லர். சின்னவன் கிளிப். ஐயோ, என்ன அழகு!

நவம்பர் 28, வெள்ளி

பெரியதுதான் பெண் என்று சொன்னேன். "அது சொல்லணுமா? அவனை விரட்டற விரட்டுலயே தெரியுதே," என்றார் ஒலேனாம்மா. தொட்டியைப் பார்க்கவே இல்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு.

டிசம்பர் 12, வெள்ளி

தொட்டி முன்னால் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் கச்சேரி என்று காலையிலிருந்து கூட்டம். தலைக்குத் தலை ஸ்ப்ரே. மத்தியானம் பார்த்தால் ரெண்டும் மேல வந்து வாயை வாயைத் திறக்குதுங்க. தண்ணியைச் சோதிச்சேன், எல்லாம் சரியா இருக்கு. உப்பு சரி, சூடு சரி. அப்புறம் என்ன? மேலே மட்டும் எண்ணெய்போல ஒரு படலம்.

காஸ்பருக்கு போன் பண்ணினேன். "பக்கத்துல ஏதாவது ஸ்ப்ரே அடிச்சீங்களாம்மா?"

கையில் டப்பாவோடு நிற்கிறேன். தீனி, விளக்கு, கிருமி என்று ஒன்று விடாமல் படித்தேனே — நாள் முழுக்க என் கையில் இருப்பதை யோசித்தேனா? நல்ல பார்லர்காரி!

அவர் சொன்னபடி, காகிதத் துண்டைப் பரப்பிப் படலத்தை ஒற்றி எடுத்து, தண்ணீரைச் சுத்தம் செய்யும் கரித்தூள் பையைப் போட்டு, காற்று விட்டு, பாதித் தண்ணீரை மாற்றினேன். போகாதீங்கடா, கண்ணுகளா.

டிசம்பர் 13, சனி

இருவரும் உயிரோடு. கிளிப் சாப்பிடவில்லை.

வீட்டுக்குத் தூக்கிவிடலாம் என்கிறான் வெண்டல். வீட்டுக்கு நான் தூங்கத்தானே போகிறேன்? காஸ்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா? மனசு வராது. ஸ்ப்ரேயை நிறுத்தினால் ஒலேனாம்மா போய்விடுவார்.

டிசம்பர் 16, செவ்வாய்

பலகை எழுதி மாட்டினேன்: "கடைக்குள் ஸ்ப்ரே கூடாது." கழற்றினேன். மறுபடி மாட்டினேன்.

டிசம்பர் 19, வெள்ளி

வெளியே மைனஸ் முப்பத்தொன்று. உள்ளே எனக்குத்தான் ஜில்லிட்டது.

ஒலேனாம்மா பலகையைப் படித்தார். "அப்ப என் தலை?"

நடந்ததைச் சொன்னேன். உலர்த்தி முடித்ததும் எழுந்து கோட்டை மாட்டினார், கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அவ்வளவுதான், கடை காலி என்று நினைத்தேன்.

கதவு மறுபடி திறந்தது. "என்னடி முழிச்சிக்கிட்டு நிக்கற? டப்பாவை எடுத்துக்கிட்டு வா. எனக்குக் காது விறைக்குது!"

வாசல்படியில் கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி நின்றார். குளிரில் டப்பா மக்கர் பண்ணியது, அக்குளில் வைத்துச் சூடாக்கி அடித்தேன். தலை அப்படியே கல்லாகிவிட்டது. தெருவில் போன லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஒலேனாம்மா ராணிபோலக் கையசைத்தார். திரும்பிப் பார்த்தால் மேவிஸும் மற்றவர்களும் கோட்டு மாட்டி வரிசையில்.

"மேவிஸ், அடிச்சதும் உள்ள வராத. நேரா காருக்குப் போ. மீனுக்கு ஆகாது," என்றார் ஒலேனாம்மா.

கடைக்குள் வந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஜனவரி 2, வெள்ளி

கிளிப் வயிறு முட்டத் தின்கிறான்.

பிப்ரவரி 13, வெள்ளி

புதிதாக வந்த ஒருத்தி கைப்பையிலிருந்து சின்ன ஸ்ப்ரே டப்பாவை எடுத்தாள். தலைமேல் கவிழ்த்த டிரையருக்குள்ளிருந்து ஒலேனாம்மா போட்ட சத்தத்தில் அதை அப்படியே உள்ளே போட்டுவிட்டாள்.

மார்ச் 24, செவ்வாய்

ஒலேனாம்மா வந்தார். அவருக்குச் செவ்வாய்க்கிழமை என்ன வேலை? "தலைக்கு ஒண்ணும் வேண்டாம்," என்று ஒரு டப்பா பெரோகியை, உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டையை, என்னிடம் நீட்டிவிட்டு, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கமிருந்து தொட்டிப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "ரொவீனா, அந்த டிரையரை நிறுத்து. இங்க பிரசவம் ஆயிருக்கு."

ஓடினேன். கல்லின் மேல் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக முட்டைகள்! கிளிப் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கிறான், கர்லர் மேற்பார்வை. "ஆம்பளைதான் பார்த்துக்கறான் பாரு. நல்ல குடும்பம்," என்றார் ஒலேனாம்மா. நான் கேட்காமலேயே மேவிஸுக்கு போன் போட்டு, வெள்ளிக்கிழமை யாரும் சத்தமாகப் பேசக் கூடாது என்று உத்தரவும் போட்டுவிட்டார்.

சாயங்காலம் வெண்டல் வந்து முட்டைகளைப் பார்த்தான். கிண்டல் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். கிளம்பிப் போய்விட்டு, ஒரு மணிநேரத்தில் திரும்பி வந்தான், கையில் சின்னப் பூந்தொட்டியில் ஒரு கள்ளிச்செடி.

ஜன்னலில் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றியாயிற்று.