விருச்சிகம் எழும் மூலையில் ஒரு விளக்கு

என் பிரியத்துக்குரிய மாப்பிள்ளைக்கு,

தங்கச்சி புருஷனுக்கு, அதுவும் அவர் போய்ச் சேர்ந்த பிறகு, கடிதம் எழுதுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீங்கள் இருந்தவரை நமக்குள் கடிதத்துக்கு என்ன வேலை? ஞாயிற்றுக்கிழமை கசார்வாடியில் பட்டறையைச் சாத்திவிட்டு பைக்கை எடுத்தால், சாகண் தாண்டிக் கிழக்கே உங்கள் வீட்டு வாசலில் வந்துதான் நிற்கும். இப்போதும் வருகிறேன். வந்து, உங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே திரும்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலத்தின் தென்கிழக்கு மூலையில் பஞ்சாயத்து விளக்குக் கம்பம் நட்டாகிவிட்டது. சம்மதம் கொடுத்தது என் தங்கச்சி வள்ளிதான். போன வாரத்திலிருந்து எரிகிறது.

கோபம் வருகிறதா? வரட்டும், நியாயம்தான். மேற்கே தொழிற்சாலை வெளிச்சம் பாதி வானத்தைத் தின்றுவிட்டது, மிச்சம் இருப்பது இந்த மூலைதான் என்று சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். ஷிப்ட் முடிந்து வந்தால் கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் டிரைபாடோடு மாடி ஏறுகிற ஆள் நீங்கள். கோடை வந்தால் விருச்சிகம் அந்த மூலையில்தான் எழும், பின்னாலேயே பால்வீதி ஏறி வரும். நீங்கள் எடுத்த படம் கூடத்துச் சுவரில் இருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்த மூலையை ஒட்டிப் பாதை வளைகிற இடத்தில் இரண்டு பக்கமும் கரும்பு. கரும்புக்குள் சிறுத்தை. ஊர்க்காரர்கள் விளக்கு கேட்டு வந்தபோதெல்லாம் நீங்கள் மறுத்தீர்கள். சிறுத்தை விளக்கைக் கண்டு ஓடாது, இரண்டே நாளில் பழகிவிடும் என்றீர்கள். அது பொய்யில்லை. மறுத்ததோடு நிற்கவும் இல்லை, அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு டார்ச் வாங்கிக் கொடுத்தீர்கள். நான் ஊர்க்காரர் பக்கம் பேசினேன் என்று எனக்குக் கிடைத்த பட்டம் நினைவிருக்கிறதா? "மச்சான், உங்களுக்குப் பட்டறை டியூப்லைட்டே சூரியன். வானத்துல என்ன தெரியுதுன்னு கேட்டா ஏரோப்ளேன்னுவீங்க." வள்ளி விழுந்து விழுந்து சிரித்தாள்.

தீபாவளி கழிந்த கையோடு உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை நாங்கள்தான் கொண்டுவந்தோம். அதற்குமேல் அதை எழுத என்னால் ஆகாது.

பக்கத்துக் கொல்லை சாந்தாபாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கேமரா அறையில் விளக்கேற்றி வைத்தோம். அவர் வந்து, விளக்கின் அடியில் கோதுமை மாவைப் பரப்பிக் கூடையால் மூடினார். போன உயிர் எந்தப் பிறவி எடுத்ததோ, அதன் காலடி விடியும்போது மாவில் தெரியுமாம். அது அவர்கள் வழக்கம். காலையில் கூடையைத் திறந்தால் மாவில் நிஜமாகவே தடம் இருந்தது. "பாவு பக்ஷி ஜாலே, வஹினி" என்று சாந்தாபாய் வள்ளியைக் கட்டிக்கொண்டு அழுதார். அண்ணி, அண்ணன் பறவையாகிவிட்டார் என்று.

வள்ளி உங்கள் பெண்டாட்டி அல்லவா? அழுதுகொண்டே தடத்தின் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்தாள், அளவு தெரியவேண்டும் என்று நீங்கள் பழக்கினபடி. பிறகு அடுப்படிக்கு என்னைக் கூப்பிட்டுக் காதோடு சொன்னாள்.

"அண்ணே, அது எலி. வால் இழுத்த கோடுகூட இருக்கு. அந்தம்மாகிட்ட சொல்லிராத."

சொல்லவில்லை, மாப்பிள்ளை. இந்த வட்டாரத்துப் பறவையெல்லாம் படம் பிடித்த மனுஷன் பறவையாகப் போனார் என்றே ஊர் நம்பட்டும்.

துக்க வீட்டில் அடுப்பெரியாத அந்த நாட்களில் தினமும் எங்களுக்குச் சாப்பாடு சாந்தாபாய் வீட்டிலிருந்துதான் வந்தது. சோள ரொட்டியான பாக்ரி, கடலைமாவில் கிண்டிய பிட்லா, ஒரு தூக்கில் டீ. மாடு கறக்கவும் கரும்பு வெட்டவும் போக வேண்டியவர், அதனால் விடியுமுன்பே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் வளைவைப் பார்த்து வேலிக் கம்பத்தில் நீங்கள் கட்டிய தானியங்கி கேமராவின் ஞாபகம் வள்ளிக்கு வந்தது. எதிரே எது நடந்தாலும் தானாகப் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பெட்டி, பார்க்க ஆளில்லாமல் அத்தனை நாளும் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. லேப்டாப்பில் போட்டு இரண்டு பேரும் பார்த்தோம். முள்ளம்பன்றி. நரி. பிறகு இருட்டில் சாந்தாபாய், தலையில் முக்காடு, இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்தபடி வருகிறார். டார்ச் இல்லை. எந்தக் கையில் பிடிப்பார்? அடுத்த படம், அதே வளைவு. சிறுத்தை நிற்கிறது, தலையைத் தாழ்த்தி, அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு. அதற்கடுத்த விடியலில் மறுபடியும் சாந்தாபாய், மறுபடியும் பாத்திரம்.

வள்ளி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். படத்தைப் பார்த்த சாந்தாபாய் அலட்டிக்கொள்ளவே இல்லை. கரும்புக்குள் அது இருப்பது எனக்குத் தெரியாதா என்றார் மராத்தியில். தெரிந்துமா வந்தீர்கள் என்று வள்ளி கேட்டாள்.

"உங்க வீட்டுல அடுப்பு எரியலையே," என்றார்.

அன்றைக்குத்தான் முடிவானது. அதுவரை விளக்குப் பேச்சை எடுத்தாலே, "அவுக வேண்டாம்னாக, நானும் வேண்டாம்ங்கேன்" என்று ஒரே பிடியாக நின்றவள் அவள். திரும்பி வரும்போது வழியில் நின்று அந்த மூலையைப் பார்த்தாள். "அண்ணே, அவுக கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கிடட்டும். நான் சமாதானம் பண்ணிக்கிடுதேன்" என்றாள்.

தரையை மட்டும் பார்க்கிற மாதிரி விளக்குக்கு மூடி வேண்டும் என்று பஞ்சாயத்தில் வாதாடினாள். அந்தத் தகர மூடியை என் பட்டறையில் நானே அடித்துக் கொடுத்தேன். ஆனாலும் வெளிச்சம் வெளிச்சம்தானே. விளக்கு எரிந்த முதல் நாள் உங்கள் கேமராவோடு மாடி ஏறியவள், ஒரு படமும் எடுக்காமல் இறங்கி வந்தாள். "அந்தப் பக்கம் சின்ன நட்சத்திரமெல்லாம் போச்சுண்ணே" என்றாள். கீழே வளைவில் யாரோ ஒரு பெண் பால் கேனோடு போய்க்கொண்டிருந்தாள். இரண்டையும் பார்த்தேன். எதைச் சொல்லி வள்ளியைத் தேற்றுவது?

நீங்கள் இருந்திருந்தால் அந்தப் படங்களைப் பார்த்து என்ன சொல்லியிருப்பீர்கள்? மனம் மாறியிருப்பீர்களா, இல்லை என்னை மடக்க வேறொரு காரணம் கண்டுபிடித்திருப்பீர்களா? பதிலுக்குப் பதில் எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன். எதிரே உட்கார நீங்கள் இல்லை. இந்தச் சண்டையில் ஒருநாளும் விட்டுக்கொடுக்காதவர், இப்படி வாய் திறக்காமல் என்னை ஜெயிக்க விட்டுப் போனீர்களே. எனக்கு இந்த ஜெயிப்பு வேண்டாம், மாப்பிள்ளை.

இப்போது மலையடிவாரத்திலும் ஒரு கம்பம் வேண்டும் என்று பஞ்சாயத்தில் பேச்சு. அங்கே வீடும் இல்லை, வழியும் இல்லை, இருட்டில் யாரும் நடப்பதும் இல்லை. ஊருக்கு வெளிச்சம் வந்தது என்று காட்டிக்கொள்ளத்தான். அடுத்த கூட்டத்துக்கு வள்ளியோடு நானும் போகிறேன். நீங்கள் என்னிடம் சொன்ன ஒவ்வொரு நியாயமும் எனக்கு வரி பிசகாமல் மனப்பாடம். ஒன்று விடாமல் அங்கே பேசுவேன். அந்த இருட்டை விடமாட்டேன். இது என் வாக்கு.

இனி உங்கள் கட்சியில் நிற்கும்,
உங்கள் மச்சான்