மூன்றாவது பெயர்

தார்கேலியோன் மாதம், வளர்பிறை 3

பலிக்கு ஆட்டுக்குட்டி வந்தது. காதில் கீறல். திருப்பி அனுப்பினேன். அழகும் களிப்பும் தரும் தேவியர் மூவருக்குக் குறையுள்ளதைக் கொடுப்பதா? இன்னும் ஏழு நாள் இருக்கிறது.

தாசோஸ் தீவிலிருந்து என் மகன் ஃபனோஸின் கப்பல் வந்திருக்க வேண்டும். பதினோரு நாள் தாமதம்.

வளர்பிறை 5

மிக்கா வந்தாள். என் கணவரின் தங்கை. எனக்குப் பின் பூசாரியாகக் காத்திருப்பவள், அதை மறைக்கவும் தெரியாதவள். சிறுமிகளாவது பூச்சூடட்டுமே என்றாள்.

மினோஸ் ராஜா இந்தப் பலிபீடத்தில் நிற்கும்போதுதான் மகன் இறந்த செய்தி வந்தது. மாலையைக் கழற்றினார், குழலை நிறுத்தினார், பூசையை மட்டும் முடித்தார். அன்றிலிருந்து எங்கள் பாரோஸ் தீவில் இந்தத் தேவியருக்கு மாலையும் இல்லை, குழலும் இல்லை. எத்தனை முறை சொல்வது?

"செத்தது அவரு புள்ள அண்ணி. அதுக்கு நம்ம பொண்ணுங்க ஏன் வெறுந்தலையோட நிக்கணும்?"

"முறைன்னா முறைதான்."

"சரி... ஃபனோஸ் விஷயம் ஏதாச்சும்—"

"புது ஆட்டைப் பாத்தியா?" என்றேன்.

வளர்பிறை 7

துறைமுகத்துக்கு ஆள் அனுப்பினேன். ஒன்றுமில்லை.

அவன் கிளம்பிய காலை நான் கதவைத் திறக்கவில்லை. அவன் அப்பாவை விழுங்கிய கடலுக்கே போகிறானே என்று கோபம். வெளியே நின்று, "போயிட்டு வரேம்மா" என்று இரண்டு தடவை சொன்னான். ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

வளர்பிறை 10

ஒவ்வொரு தேவியின் பெயரையும் சொல்லி ஒரு கிண்ணம் மது ஊற்ற வேண்டும். இரண்டாவது கிண்ணத்தை ஊற்றி முடித்தபோது வாசலில் மீனவன் சிமோன். ஓடிவந்திருந்தான். கண்ணில் ஈரம். பேச வாயெடுத்தவனைக் கை உயர்த்தி நிறுத்தினேன். பூசை நடுவே யாரும் பேசக்கூடாது. நல்ல செய்தி கொண்டு வருபவன் தலையில் மாலை இருக்கும். இவன் தலை வெறுமையாக இருந்தது.

என் மகன் போய்விட்டான்.

மூன்றாவது கிண்ணத்தையும் ஊற்றினேன். ஒரு துளி சிந்தவில்லை.

முடிந்ததும் சிமோன் கத்தினான்: "கப்பல் வந்துருச்சும்மா! ஃபனோஸ் எறங்கிட்டாரு!"

"மாலை எங்கடா?"

"மதிலுக்கு வெளிய கழட்டி வெச்சேம்மா. போன வருசம் மாலையோட உள்ள வந்ததுக்கு நீங்க திட்டுன திட்டு மறக்குமா?"

வளர்பிறை 12

ஊரெல்லாம் என் கையைப் பற்றித்தான் பேச்சு. மினோஸைப் போல நின்றேனாம். ஃபனோஸ் காதிலும் விழுந்துவிட்டது.

"நான் செத்துட்டேன்னு நெனச்சும் கை நடுங்கலையாமே?"

"பூசை பாதியில நிக்கக் கூடாது."

"ஆமா. ஒனக்குப் பூசைதாம்மா." ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான். தேய்பிறை இரண்டில் கிளம்பும் கப்பலில் தாசோஸுக்குப் போய் அங்கேயே குடியேறப் போகிறானாம்.

வளர்பிறை 13

நான் எழுதும் இந்த மெழுகுப் பலகைக்காவது சொல்கிறேன். அக்லாயா என்றேன். யூப்ரொசூனே என்றேன். அதற்குள் சிமோனைப் பார்த்துவிட்டேன். மூன்றாவதாகத் தலேயா என்று சொல்ல வேண்டும். ஃபனோஸ் என்று வந்தது.

முணுமுணுப்புதான். பக்கத்தில் நின்ற மிக்காவுக்கும் கேட்கவில்லை.

சொன்னால் பதவி போகும். இருபத்திரண்டு வருடம். சொல்லாவிட்டால் பூசை செல்லாது. ஒரு தேவி தன் பங்கைப் பெறாமல் நிற்கிறாள். சிறுவயதில் ஆர்ட்டெமிஸ் கோவில் பெண்களிடம் எழுதப் படித்தேன். ஓர் எழுத்தை விட்டால் விரல் கணுவில் ஓர் அடி. மறைத்தால் இரண்டு.

யாருக்கும் கேட்காத தவறு தவறா? — இதை நானா எழுதுகிறேன்?

வளர்பிறை 14

ஊர்ச்சபையில் சொல்லிவிட்டேன். தேவிக்குப் பதிலாக யார் பெயரைச் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். கடைசி வரிசையில் ஃபனோஸ் நிற்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

வாசலில் மிக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதிருந்தாள். "பைத்தியமா அண்ணி ஒங்களுக்கு? நீங்களா சொல்லலேன்னா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமேடி."

வீட்டில் ஃபனோஸ் ரொட்டியைத் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

தேய்பிறை 2

மறு பூசை. மிக்கா ஊற்றினாள். கொஞ்சம் சிந்தினாள்; மூன்று பெயரும் சரி. நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன்.

தாசோஸ் கப்பல் விடியற்காலையிலேயே போய்விட்டது. ஃபனோஸ் என் பக்கத்தில் நின்று, "அத்தைக்குக் கை நடுங்குது பாரும்மா" என்றான்.

பூசை நடக்கிறது, பேசாதே என்றேன்.