நாடி பார்த்த கை

ஜூன் 4, செவ்வாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் சில்வண்டு எழுதுகிறேன். நீயும் அண்ணியும் சுகமாயிருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குத்தான் மனசு சுகமில்லை.

போன வாரம் என் வார்டில் எட்டாம் கட்டில் பெரியவர் மூச்சு வாங்க என் கையைப் பிடித்தார். "நீ வேதக்காரப் பொண்ணுதானே? எனக்காக உன் சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றார். அவர் மணிக்கட்டைப் பிடித்தபடியே கண்ணை மூடி ஜெபித்தேன். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. மறுநாள் இறந்துவிட்டார். திரை ஓரம் நின்று பார்த்த அவர் மகன், "எங்க அப்பாவை மதம் மாத்தப் பார்த்தா" என்று புகார் கொடுத்துவிட்டார்.

பதினாலாம் தேதி விசாரணை. தலைமை நர்ஸ் தனியாகக் கூப்பிட்டு, "நாடி பார்த்துக்கிட்டிருந்தேன்னு எழுதிக் குடுத்துடு. கை மணிக்கட்டுலதானே இருந்துச்சு? விஷயம் முடிஞ்சுது" என்கிறார். நான் என்ன செய்ய, அண்ணா?

உன் தங்கை

ஜூன் 7

சில்வண்டுக்கு,

கடிதம் கண்டேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாடி என்றே எழுது. ஒரே ஒரு வரி. ஆண்டவர் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உனக்கு அந்த நர்ஸ் வேலை என் முதலாளி சிபாரிசில் கிடைத்தது. ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவில் அவரும் ஒருவர். இந்த மரப்பட்டறையில் நான் வேதக்காரன் என்று ஒன்பது வருஷமாக ஒருத்தருக்கும் தெரியாது. நம் ஆட்களைப் பற்றி அவர் பேசுகிற பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க முடியாது. நீ வாயைத் திறந்தால் என் பிழைப்பும் போச்சு. அப்படிச் செய்வதானால் என் வீட்டு வாசலுக்கு வராதே. கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன்.

அண்ணன்

ஜூன் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

"வராதே" என்ற இடத்தில் பேனா அழுத்திக் காகிதமே கிழிந்திருக்கிறது.

நீ பயப்படுகிறாய் என்று எனக்கு எப்போதோ தெரியும். அங்கே வந்திருந்தபோது பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தேனே, ஞாபகமிருக்கிறதா? சாப்பிடும் முன் கண்ணாடியைக் கழற்றி, தலை குனிந்து, துடைத்துக்கொண்டே இருந்தாய். உதடு மட்டும் அசைந்தது. "உங்கண்ணன் கண்ணாடி துடைச்சு முடிக்கிறதுக்குள்ள நாங்க கையே கழுவிடுவோம்" என்று பக்கத்து ஆள் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து அழுதேன்.

நான் மட்டும் பெரிய தைரியசாலியா? நேற்று அந்த வரியை எழுதிப் பார்த்தேன். கையெழுத்துப் போட வரவில்லை. பெரியவர் கேட்டது நாடி இல்லையே, அண்ணா. ஆண்டவரைத் தெரியாது என்று எழுத என் கை வணங்கவில்லை.

உன்னைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். உன் வாசலுக்கும் வர மாட்டேன்.

தங்கை

ஜூன் 15

அண்ணனுக்கு,

"அவர் கேட்டார், ஜெபம் பண்ணினேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போய்விட்டது. மாதக் கடைசிக்குள் விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவதென்று தெரியவில்லை. உன்னிடம் கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

உன் முதலாளி குழுவில் இருந்தார். "உங்கண்ணனும் இப்படித்தானா?" என்றார். "அதை அவரைத்தான் கேக்கணும்" என்றேன். ஜாக்கிரதையாக இரு.

தங்கை

ஜூன் 19

என் சில்வண்டுக்கு,

"அவரைத்தான் கேக்கணும்" என்று நன்றாக மாட்டிவிட்டாயே! கேட்டேவிட்டார். இன்று மத்தியானம், எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரம். "உன் தங்கச்சி வேதக்காரியாமே. நீ?" ரம்பம் நின்றிருந்தது. ஒருத்தரும் வாயில் கவளம் வைக்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றினேன். பழக்கதோஷத்தில் சட்டை நுனி கைக்கு வந்துவிட்டது. துடைக்கவில்லை. பலகைமேல் வைத்துவிட்டேன். "நானும்தான் முதலாளி" என்றேன். அவர் முகம் எப்படிப் போனதென்று கேட்காதே. கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியாது, அதுவும் நல்லதாய்ப் போயிற்று. பிறகு கை கூப்பி, எல்லோர் காதிலும் விழ ஜெபித்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் போய்விட்டிருந்தார். நாளைக்கு வேலை இருக்கிறதோ இல்லையோ. ஆனாலும் இன்றைக்குத்தான் சோறு சோறாக இறங்கியது.

வராதே என்று எழுதினேனே பாவி, மன்னித்துக்கொள். ஞாயிறு காலை முதல் வண்டியைப் பிடி. அண்ணி உனக்காக முன்னறையை ஒழித்துக்கொண்டிருக்கிறாள். நான் பேருந்து நிலையத்தில் நிற்பேன். பெட்டியை நீ இறக்காதே, நான் வந்து தூக்கிக்கொள்கிறேன்.

உன் அண்ணன்