எட்டடிச் சுவர்

பிடோக், சிங்கப்பூர்
அக்டோபர் 14, செவ்வாய்

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் உம்மாவும் நலம். ரோவல் ரோட்டில் உங்கள் வீட்டில் மாமியும் நலமாக இருக்கிறார். முழங்கால் வலி மட்டும் படிக்கட்டைக் கண்டால் வந்துவிடுகிறது. மெல்பர்னில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் உடல்நலத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன்.

மின்னஞ்சலில் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு மன்னியுங்கள். கைப்பேசியில் நான் எதைக் கேட்டாலும் உங்களிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. சமையலறைக்கு வெள்ளை நிறமா சாம்பலா என்று கேட்டதற்கும் அதுதான் வந்தது. சனிக்கிழமை நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் நீங்கள் இதை முழுக்கப் படிக்க வேண்டும்.

நம் புதுப் பொங்கோல் வீட்டின் பெரிய படுக்கையறையில் சன்னலுக்கு எதிர்ச்சுவர் சரியாக எட்டடி. சமையலறையில் மேலும் கீழுமாக இருபத்தாறு அடிக்குக் கேபினெட் வரும். இந்த அளவுகளை எடுத்துக்கொண்டு மூன்று விலை கேட்டுவிட்டேன்.

முதலில் போனது ஒரு பெரிய காட்சிக்கூடம். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். அலமாரியும் சமையலறையும் சேர்த்து ஆறாயிரத்து எண்ணூறு வெள்ளி என்றார்கள். வீட்டுக்கு வந்து விலைத்தாளின் கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன். அந்த விலையில் சமையலறைக்கு இருபது அடியும் அலமாரிக்கு ஆறடியும்தான். மிச்ச அடிகளுக்குத் தனி விலை, இழுப்பறைக்குத் தனி விலை, கூரை வரை உயர்த்தினால் அதற்கும் தனி விலை. எல்லாம் கூட்டினால் எட்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டுகிறது.

அடுத்தது நீங்கள் சொன்ன ரெடிமேட் அலமாரி. வீட்டில் வந்து பூட்டிக் கொடுக்கும் கூலியோடு ஆயிரத்து நூற்றைம்பது. மலிவுதான். ஆனால் மேலே ஒன்றரை அடி சும்மா கிடக்கும், பக்கத்தில் ஒரு கை நுழையும் அளவுக்குச் சந்து விழும். "வீடு மாறினா கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது சிக்கனமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். சாவி கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அரசு விதிப்படி ஐந்து ஆண்டாவது நாம் இருவரும் குடியிருக்க வேண்டிய வீடு, இதிலிருந்து எங்கே மாறப்போகிறோம் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவது, மரவேலை செய்யும் ராமலிங்கம் அண்ணன். ஜாலான் புசாரில் ஒரு குழாய்க்கடைக்கு மேலே அவருடைய சிறிய அலுவலகம், பட்டறை ஜோகூரில். அலமாரி அடிக்கு இருநூற்று எழுபது, சமையலறை அடிக்கு நூற்று முப்பது. மொத்தம் ஐயாயிரத்து ஐந்நூற்று நாற்பது. இழுப்பறை, கீல், கூரை வரை உயரம் எல்லாம் இதற்குள் அடக்கம். அவரிடமே கொடுத்துவிடலாம் என்று அன்றே தீர்மானித்தேன்.

அவருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. துணிகளை எண்ணி எழுதிக் கொடுக்காமல் அலமாரிக்குப் படம் வரையமாட்டார். ஒரு தாள் தந்தார். ஒரு பக்கம் கணவர், ஒரு பக்கம் மனைவி. நீளமாகத் தொங்குவது எத்தனை, குட்டையாகத் தொங்குவது எத்தனை, மடித்து வைப்பது எத்தனை என்று கட்டங்கள். உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சிரித்தார். "ஆம்பளைங்க எல்லாரும் எனக்கு நாலு சட்டைதான்னு சொல்வாங்க லா. கதவைத் தொறந்தா நாப்பது தொங்கும். வாயால சொல்றதை நான் எழுதுறதில்ல தங்கச்சி. நீங்களே போய் எண்ணிட்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ரோவல் ரோட்டுக்குப் போனேன். நீங்கள் புறப்பட்ட அன்று நான் இங்கே என் வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் அறையின் அலமாரியை யாரும் திறக்கவில்லை. மாமி உற்சாகமாக இருந்தார். நான் எண்ணிச் சொல்லச் சொல்லத் தானே எழுதுவதாகப் பென்சிலோடு கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். "நல்லா நீளமா வைக்கச் சொல்லு. ஜிப்பா கசங்கினா எம்மவன் மூஞ்சத் தூக்கிடுவான்" என்றார்.

கதவைத் திறந்தேன்.

உங்கள் ரிசர்விஸ்ட் சீருடை தொங்கியது. பக்கத்தில் காலர் நைந்த ஒரு சட்டை. மற்றவை வெறும் ஹாங்கர்கள். கீழே இராணுவ பூட்ஸ். பெருநாள் ஜிப்பாக்கள் நான்கும் இல்லை. நம் கல்யாண விருந்துக்குத் தைத்த நீல கோட் இல்லை. கைலிகள்கூட இல்லை.

மாமியின் பென்சில் தாளின் மேலேயே நின்றது. "லாண்டரிக்குப் போட்டிருப்பானோ?" என்றார். பிறகு அவரே, "ஏழு மாசமாவா..." என்று இழுத்து என் முகத்தைப் பார்த்தார்.

நான் பொய் சொன்னேன். "இல்ல மாமி, நான்தான் எல்லாத்தையும் பெட்டியில போட்டு எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். மறந்தே போச்சு" என்றேன். மாமி பெரிதாகச் சிரித்தார். "நல்லா இருக்கு போ! எந்நேரமும் புத்தகத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருந்தா தூக்கிட்டுப் போனதுகூடவா மறந்துடும்?" என்று கேலி செய்தார். சிரித்துக்கொண்டே இருந்தார், ஆனால் சுருக்கமே இல்லாத படுக்கை விரிப்பை அவர் கை நீவிக்கொண்டே இருந்தது.

அவர் தேநீர் போடப் போனபோது இழுப்பறையைத் திறந்தேன். உங்கள் பட்டச் சான்றிதழ்களும் வேலைச் சான்றிதழ்களும் இருந்த பச்சைக் கோப்பு அதில் இல்லை. அந்தக் கோப்பில்தான் நம் நிக்காஹ் சான்றிதழும் இருந்தது. அதை மட்டும் வெளியே எடுத்து, தனி உறையில் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். மாமி பார்ப்பதற்குள் அதை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

பேருந்தில் வரும்போது உங்களுக்காக நானே காரணம் தேடினேன். பெருநாள் அங்கேதான் வரும், ஜிப்பா வேண்டும். அலுவலக விருந்து ஏதாவது இருக்கும், கோட் வேண்டும். குளிர் ஊர், துணி நிறையத் தேவைப்படும். ஆறு மாத வேலைக்குப் போகிறவருக்குப் பட்டச் சான்றிதழ் எதற்கு என்பதற்கு மட்டும் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. செப்டம்பரில் வருவேன் என்றீர்கள். பிறகு நவம்பர் என்றீர்கள். போன வாரம் நான் கேட்டபோது மாதம் எதையும் சொல்லவில்லை.

நேற்று ராமலிங்கம் அண்ணன் அழைத்தார். தாளில் என் பக்கம் நிரம்பியிருக்கிறது, பதினொரு அபாயாக்கள் உள்பட. உங்கள் பக்கம் ஏன் காலி என்று கேட்டார். சனிக்கிழமை பதினொரு மணிக்குள் கையெழுத்து வேண்டுமாம், இல்லாவிட்டால் அடுத்த மாதம்தான் பட்டறையில் இடமாம். நான்கடிக்கு மட்டும் செய்தால் எவ்வளவு என்று கேட்டேன். "ஆயிரத்து எண்பதுதான். ஆனா பலகைய வெட்டிட்டா வெட்டினதுதான், பார்த்துக்கங்க. மிச்சத்தைப் பின்னால சேர்த்தா நிறம் ஒத்துக்காது. எட்டடியும் கட்டிடுங்க, சார் வந்து நிரப்பிக்கட்டும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் தினமும் காலையில் நான் என் பக்கக் கதவைத் திறக்கும்போது, பக்கத்தில் நான்கடிக்கு ஒன்றுமில்லாத அலமாரி நிற்பதை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியாது.

இன்று காலை மாமி அழைத்தார். பெட்டியில் இருக்கும் துணிகளைப் பூஞ்சை பிடிப்பதற்குள் ஒருநாள் வெயிலில் போடச் சொன்னார். போட்டேன் மாமி என்றேன். நீல கோட்டை மட்டும் நிழலில் போட வேண்டும் என்றார். நிழலில்தான் போட்டேன் என்றேன். இதை உம்மாவிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்றை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜனவரியில் ஒருநாள், செராங்கூன் ரோட்டில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, மெல்பர்னிலேயே நிரந்தர வேலை கிடைத்தால் கூட வருவாயா என்று கேட்டீர்கள். முதலில் சாவி வரட்டும் என்றேன். பேருந்து வந்தது, ஏறிவிட்டோம். நீங்கள் விளையாட்டாகக் கேட்டதாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மையில்லை. கேள்வி எனக்குப் புரிந்தது. வாப்பாவின் வயதும் என் வேலையும் இந்த வீடும் ஒன்றாக என் கண்முன் வந்தன, பயந்துபோய் ஓர் எளிய பதிலைச் சொன்னேன். விட்டுவிட்டுப் போகிற ஆண்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், படிக்கும்போதெல்லாம் அவர்கள்மேல் கோபப்பட்டிருக்கிறேன். உங்கள்மேல் முழுக் கோபமும் வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு எனக்கு அழையுங்கள். வரப்போவதில்லை என்றால் அதையே சொல்லுங்கள், நான் அழுது உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். மாமியிடம் மட்டும் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அந்தப் பொய்யை இனிமேல் என்னால் சுமக்க முடியாது. என்னை அங்கே கூப்பிட இன்னும் மனம் இருந்தால் நேராகக் கூப்பிடுங்கள். உடனே சரி என்று சொல்வேன் என வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இந்த முறை பேருந்து வந்தாலும் ஏறமாட்டேன், நின்று பதில் சொல்வேன்.

உங்களிடமிருந்து ஒன்றுமே வராவிட்டால் சனிக்கிழமை நான்கடிக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். சமையலறையை முழுமையாகச் செய்யச் சொல்லிவிட்டேன். யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் சமைத்துச் சாப்பிட வேண்டுமே.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எந்த ஊரில் இருந்தாலும் அல்லாஹ் உங்களை நலமாக வைத்திருப்பானாக. அதை நான் அவனிடம் கேட்டுக்கொள்கிறேன். எந்த வீட்டில் வாழப்போகிறீர்கள் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும், மச்சான்.

வஸ்ஸலாம்.

உங்கள்
ஹம்னா